மைசூர்பா பரீட்சை

என் மகளுக்கு நாலு வயதில் ஒரு பட்டம் கிடைத்தது. எல்.கே.ஜி. விண்ணப்பத் தாளின் ஓரத்தில் நீல மசியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். தமிழில் சொன்னால், "தன்னடக்கம் போதாது". எழுதியவர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியை நடத்தி வந்த அம்மையார், எல்லோருக்கும் 'மேடம்'. பிள்ளையை அவர் பார்த்தது மொத்தம் கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் அறைக்கு வெளியே இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மகள் வளர்ந்து, வேலைக்குப் போய், இப்போது என்னையே அதட்டுகிறாள். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அப்போது சூலூரில் எங்களுக்கு எட்டு விசைத்தறிகள் ஓடின. தறிக் கொட்டகையை ஒட்டியே வீடு. நான் கோயமுத்தூரில் கல்லூரி முடித்துவிட்டுக் கல்யாணமாகி அங்கே போனவள். பிள்ளை தறிச் சத்தத்தில் வளர்ந்தாலும் படிப்பு ஆர்.எஸ்.புரத்தில்தான் என்று பிடிவாதம் பிடித்தது நான். பக்கத்துத் தெருவிலேயே பாலர் பள்ளி இருக்கும்போது இத்தனை சின்னப் பிள்ளையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று என் கணவர் கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் வாயை அடைத்தேன். பள்ளி வேன் சிங்காநல்லூர் வரை வரும், அதுவரை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

அடக்கம் போதாது என்றார்களே, அந்தப் பிள்ளை என்னென்ன செய்தாள் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. கொட்டகையில் தமிழ். என்னிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே ஓடி வருவாள், கொட்டகைக் கதவைத் தாண்டியதும் அதே வாக்கியத்தின் மிச்சத்தைத் தமிழில் முடிப்பாள், 'ங்க' போட்டு. யாரும் சொல்லித் தரவில்லை. மூலைக் கடைக்கு அனுப்பினால் மூன்று சாமான் வரை நினைவு வைத்துக்கொள்வாள். கொத்தமல்லி, தீப்பெட்டி, சீயக்காய் என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். வழியில் யாராவது கொஞ்ச வந்தால் கையைக் காட்டி, "இருங்க, பேசாதீங்க, மறந்துரும்" என்பாள். காந்திபுரம் பஸ்ஸில் ஒண்ணுக்கு வந்தால் என் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இறங்கும் வரை தாங்குவாள்.

அதற்காக அவளைத் தேவதை என்று சொல்ல வரவில்லை. இட்லி உடைந்திருந்தால் உருண்டு புரண்டு அழுவாள். பவுடர் டப்பா முழுவதையும் ஒரு நாள் தரையில் கொட்டி, அதில் உட்கார்ந்து, "நானில்லை" என்று சொன்னாள். செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுவாள், திருத்தினால் கடிப்பாள். நாலு வயது என்றால் அப்படித்தான். பிள்ளைகளின் இந்தத் திறன்களுக்கெல்லாம் பெரிய பெயர்கள் இருப்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னதை மனதில் பிடித்து வைத்திருப்பது ஒன்று, கையையும் வாயையும் அடக்குவது ஒன்று, ஆளும் இடமும் மாறினால் தன்னை மாற்றிக்கொள்வது ஒன்று. அந்த வயதில் இவை தனித்தனியாகக்கூடப் பிரிந்திருக்காதாம். எல்லாம் ஒரே உருண்டையாகக் கிடந்து, நாள்பட நாள்படத்தான் பிரியுமாம். தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டபோது, அந்த உருண்டையைத்தான் ஒரு அம்மையார் கால் மணி நேரத்தில் எடை போட்டாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சை நாள் ஏப்ரலில். பள்ளி வாசலில் பெற்றோர் வரிசை. அந்த வரிசையின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் நின்ற பட்டு வேட்டிக்காரர், தெரிந்தவர் ஒருவரைப் பார்த்ததும் பேசுகிற சாக்கில் எனக்கு ஆறு பேர் முன்னால் போய் நின்றுகொண்டார். ஒரு அம்மா, கணவரை வரிசையில் விட்டுவிட்டு நேராக மேடம் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு தகப்பன்மார் யார் முதலில் வந்தது என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். இவர்களெல்லாம் தங்கள் பிள்ளைகளின் அடக்கத்தைச் சோதித்துப் பார்க்கக் கூட்டி வந்தவர்கள். பிள்ளைகள் பாவம், சுவரோரம் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள்.

சோதனை இதுதான். பிள்ளையைத் தனியே ஒரு அறையில் குட்டி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எதிரே எவர்சில்வர் தட்டில் ஒரு மைசூர்பா. "நான் வர்ற வரைக்கும் இதைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேடம் வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது மைசூர்பா இருந்தால் பிள்ளை தேறியது. வெளிநாட்டில் இப்படித்தான் பார்க்கிறார்களாம், எங்கோ பத்திரிகையில் படித்தாராம், அந்த வருஷம்தான் கொண்டு வந்திருந்தார். பெற்றோர் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது.

அன்று மூன்றாவது ஆளாக என் மகள் உள்ளே போனாள். மேடம் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். அவர் போனதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். யார் சொல்லிக் கொடுத்தது இந்த உபாயத்தை? யாரும் இல்லை. பிறகு மைசூர்பாவைப் பார்க்காமலிருக்க விட்டத்தைப் பார்த்தாள், மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினாள். மறுபடி மைசூர்பாவைப் பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள், மறுபடி விசிறி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பெருமையில் நின்றேன்.

அப்போதுதான் அந்தப் பள்ளியின் ஆயாம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காலையிலிருந்து பின்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர், தண்ணீர்ப் பானையை நிரப்ப வந்திருக்கிறார். இந்தப் பரீட்சை விஷயம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. தட்டில் பண்டம், எதிரில் எச்சில் விழுங்கும் பிள்ளை. குடத்தை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க கண்ணு, திங்காம உக்காந்திருக்கீங்க?"

"மேடம் வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அவங்க எப்ப வாரது, நீங்க எப்பத் திங்கறது? நெய்யெல்லாம் உருகிப் போகுது பாருங்க. சாப்புடுங்க கண்ணு."

"மேடம் திட்டுவாங்களேங்க?"

"நாஞ் சொல்றனில்லைங்க. சாப்புடுங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் 'சாப்பிடுங்க' என்று சொன்ன பிறகு, முன்னால் இருப்பதை வாயில் வைக்காமல் உட்கார்ந்திருப்பது அவர்களை அவமதிப்பது. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வாயாவது சாப்பிட்டாக வேண்டும். வாங்கி ஓரமாக வைத்துவிட்டால், "எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள், அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. என் மகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லி வளர்த்தோம். அவள் கதவைப் பார்த்தாள், ஆயாம்மாவைப் பார்த்தாள். அந்தச் சின்னத் தலைக்குள் ஒரு வழக்கே நடந்தது. பிறகு கையை எடுத்து, மைசூர்பாவை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை முதலில் ஆயாம்மாவிடம் நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் இவள் தின்றாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். 'வேண்டாம் ஆயாம்மா' என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்தால் பிள்ளையின் இடம் போய்விடும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் வந்தார். தட்டைப் பார்த்தார், நெய் ஒட்டிய விரல்களைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். நான் அனுமதி கேட்காமலே உள்ளே ஓடினேன்.

"பாத்தீங்களா? அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியல. செல்ஃப் கன்ட்ரோல் சுத்தமா இல்லைங்க."

"அவளா எடுக்கலைங்க மேடம். ஆயாம்மா வந்து..."

"இதெல்லாம் வீட்டுல சொல்லித் தரணுங்க."

"இல்லைங்க மேடம், ஆயாம்மாதான் சாப்பிடச்..."

"தறி வெச்சிருக்கீங்களா? அந்தச் சத்தத்துல பிள்ளைங்க இப்படித்தான் ஆகும்."

ஒரு வாக்கியத்தை முடிக்க விடவில்லை அந்த அம்மாள். நடுவில் தொலைபேசி அடித்தது, முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் பாய்ந்து எடுத்தார். எங்களுக்கு முன்னாலேயே யாரையோ கடித்துக் குதறிவிட்டு வைத்தார். அடக்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் இவர்தான். ஒரு வழியாக நான் நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவர் முகம் இன்னும் இறுகியது.

"ஆயா சொன்னா எடுத்துருவாளா? யார் சொல்றதைக் கேக்கணும்னு பிள்ளைக்குத் தெரிய வேண்டாங்களா?"

ஆயாம்மாவைக் கூப்பிட்டார். எனக்கும் என் மகளுக்கும் முன்னால், தன்னைவிடப் பத்து வயதாவது மூத்த பெண்ணைப் பார்த்து, "உனக்கென்ன இங்க வேலை? யாரு உன்னைப் பேசச் சொன்னா?" என்றார். எங்கள் ஊரில் நாயை விரட்டினால்கூட 'போங்க' என்போம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த ஊரில்தான் இது நடந்தது. ஆயாம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, "புள்ளையப் பாக்கப் பாவமா இருந்துச்சுங்க. தெரியாம சொல்லிப்போட்டனுங்க" என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் நூறு விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். "உங்கள் பள்ளிக்கூடத்தில் பசித்த பிள்ளையைப் பார்த்து இரங்கியவர் இவர் ஒருவர்தான்" என்று சொல்லியிருக்கலாம். பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளைக்கு இப்படிப் பட்டம் கொடுக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டிருக்கலாம். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் சூலூருக்குப் போயிருக்கலாம். நான் சொன்னது இது.

"தப்புதாங்க மேடம். ஆயா பேச்சையெல்லாம் கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லி வெக்கறேன். இன்னொரு தடவை பாருங்க மேடம், தயவு பண்ணி."

ஆயாம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மேடம் இரங்கினார். அடுத்த வாரம் கூட்டி வரச் சொன்னார்.

அந்த ஒரு வாரமும் எங்கள் வீடு மைசூர்பா வீடானது. சாயங்காலம் ஆனால் தட்டு, தட்டில் துண்டு, எதிரே பிள்ளை. என் கணவர் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் கொட்டகைக்குப் போய்விட்டார். பொறுத்திருப்பதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவளுக்குப் புரியாதது வேறு. ஆயாம்மாவும் பெரியவர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெரியவர்கள் சாப்பிடச் சொன்னால் சாப்பிட வேண்டுமே என்றாள். அவர் சொன்னால் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அடுப்பில் எதுவோ தீய்ந்துகொண்டிருந்தது, எரிச்சலில் சொன்னேன்: "அவங்க வேலை செய்றவங்க. அவங்க சொல்றதைக் கேட்க வேண்டியதில்லை."

அவள் மூலைக் கடைச் சாமான்களைச் சொல்லிப் பார்ப்பது போலவே அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வேலை செய்கிறவர்கள் சொன்னால் கேட்கக் கூடாது. அவர்கள் கொடுத்தால் சாப்பிடக் கூடாது. இரண்டாவதை நான் சொல்லவில்லை, அவளே சேர்த்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. பரீட்சைக்கு அது உதவும் என்று பட்டது.

அடுத்த வாரம் மேடம் புதிதாக ஒன்று செய்தார். பிள்ளையை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து, அதே ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "உள்ள போய் அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லு, பாப்போம்" என்றார். ஆயாம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று மனதார வந்த சொல்லை இன்று உத்தரவின் பேரில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. இதை என்னவென்று சொல்வது? இந்த அக்கிரமத்தை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. என் பிள்ளை தேறிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

"சாப்புடுங்க கண்ணு."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கை தொடைக்கு அடியிலிருந்து வரவே இல்லை. ஆயாம்மா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், குரல் எழும்பவில்லை. வெளியே வந்து என்னிடம், "கெட்டிக்காரப் புள்ளைங்க உங்களுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். மேடம் பழைய வரியை அடித்துவிட்டு அதன் மேல் 'முன்னேற்றம் உண்டு' என்று எழுதினார். இடம் கிடைத்தது. திரும்பும் வழியில் காந்திபுரத்தில் அவளுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடப் பள்ளியின் பெயரைச் சொன்னேன்.

மூன்று நாள் கழிந்திருக்கும். எங்கள் கொட்டகையில் நூல் சுற்றும் வேலைக்கு ஒரு அக்கா வருவார். ஊருக்குக் கிழக்கே காலனியிலிருந்து நடந்து வருவார். மத்தியானம் தறி நிற்கும் நேரத்தில், வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட உட்கார்வார். என் மகள் அவர் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவர் கையால் ஊட்டினால் இரண்டு வாய் கூடவே சாப்பிடுவாள். எங்கள் வீட்டில் சாதியெல்லாம் பார்ப்பதில்லை என்று நான் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு இதுதான் ஆதாரம். ஆனால் அந்த அக்கா தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர் ஒன்று கொட்டகை ஜன்னலில் இருந்தது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

அன்று அவர் அவித்த தட்டைப்பயிறு கொண்டு வந்திருந்தார். ஒரு பிடி எடுத்து, "இந்தாங்க கண்ணு" என்று நீட்டினார். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நிமிர்ந்து நின்று, தெளிவாக, மரியாதை ஒரு துளி குறையாமல் சொன்னாள்:

"நீங்க குடுத்தா சாப்பிடக் கூடாதுங்க. அம்மா சொன்னாங்க."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பயிறு போசிக்குள் போனது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கோபமே இல்லை. எப்போதோ வரும் என்று எதிர்பார்த்திருந்தது இன்றைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் என்பது போல இருந்தது அந்த முகம். மகளும் என்னைத்தான் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். மைசூர்பா, மேடம், பள்ளிக்கூடத்து ஆயா என்று என்னென்னவோ உளறினேன். எனக்கே அது பொய் சொல்வது போலக் கேட்டது. "எனக்கு ஒரு பிடி குடுங்கக்கா" என்று கையை நீட்டினேன். அதுவரை அவரிடமிருந்து ஒரு பருக்கை வாங்கித் தின்றதில்லை நான்.

"ஆறிப் போச்சுங்க அம்மணி. உங்களுக்கு நல்லா இருக்காதுங்க" என்று போசியை மூடினார். மெதுவாகத்தான் மூடினார். "புள்ளைக்கு நல்லதுதானுங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க. நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போறவங்க."

மறுநாளும் மகள் வேப்பமரத்தடிக்குப் போனாள். நான் சொல்லித்தான் அனுப்பினேன். போய் அந்த அக்கா கொடுப்பதை வாங்கிச் சாப்பிடு என்று நானே பின்னால் நின்று தள்ளினேன். அக்கா எழுந்து நின்றார். முதலாளி வீட்டுப் பெண் பிள்ளைகளை அந்தப் பக்கத்தில் எப்படி அழைப்பார்களோ அப்படி அழைத்து, வெயிலில் நிற்க வேண்டாம் என்றார்.

"ஊட்டுக்குப் போங்க சின்னம்மணி."

அதன் பிறகு ஏழு வருஷம் எங்களிடம் வேலை செய்தார். ஒரு நாள்கூட என் மகளைக் கண்ணு என்று கூப்பிடவில்லை.